கதவும் கணக்கும்: ‘எனர்ஜி’ என்ற இசைத்தட்டின் கதை

ஒடுக்கப்பட்ட மக்கள் உண்டாக்கிய ஓர் இசை கடல் தாண்டி வேறு நிறத்தவரின் கைக்குப் போய்ச் சேரும்போது என்ன ஆகிறது? பாட்டு மட்டும் போகிறதா, படைத்தவர்களின் பெயரும் கூடவே போகிறதா? காசு எந்தப் பக்கம் நகர்கிறது? சமத்துவம் பாடுகிறவர்கள் அதைத் தங்கள் வாசலிலும் வரவுசெலவிலும் கடைப்பிடிக்கிறார்களா? இந்தக் கேள்விகளை நாம் ஒரே ஓர் இசைத்தட்டை முன்வைத்துக் கேட்டுப் பார்க்கிறோம்.

தட்டின் பெயர் ‘எனர்ஜி’. 1989இல் கலிஃபோர்னியாவில் வெளிவந்தது. பாடிய குழு ஆபரேஷன் ஐவி. வெளியிட்டது லுக்அவுட் ரெக்கார்ட்ஸ் என்ற, இரண்டு வயதுகூட நிரம்பியிராத சுயேச்சை நிறுவனம். 19 பாட்டுகள், பெரும்பாலானவை மூன்று நிமிடத்தைத் தொடாதவை. தட்டு வந்த அதே ஆண்டு மே மாதம் குழு கலைந்துவிட்டது. விளம்பரம் கிடையாது, வானொலி ஆதரவு கிடையாது. ஆனாலும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகத்தின் பல மூலைகளில் பதினாறு வயதுப் பிள்ளைகள் அதைத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள். பங்க் ராக்கின் வேகத்தையும் ஸ்காவின் துள்ளலையும் கலந்து பின்னாளில் ஆயிரம் குழுக்கள் வந்தன. அவர்களில் பலர் கைகாட்டுவது இந்தத் தட்டைத்தான்.

ஆனால் கதையைக் கலிஃபோர்னியாவில் தொடங்குவது நியாயமல்ல. ஸ்கா அங்கே பிறக்கவில்லை.

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டன், 1950கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்து வரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்ந்த சேரிகள். அடிமைமுறை ஒழிந்து நூறாண்டு கடந்திருந்தது. நிலமும் வேலையும் மட்டும் வந்து சேரவில்லை. மேட்டுக்குடியினர் ஆடும் கேளிக்கை விடுதிகளுக்குள் இந்த மக்களுக்கு இடமில்லை. அதனால் ஆட்டத்தையே தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆளுயரத்துக்கும் மேலான ஒலிபெருக்கிப் பெட்டிகள், ஒரு இசைத்தட்டு இயந்திரம், ஒரு திறந்த மைதானம். இதற்கு ‘சவுண்ட் சிஸ்டம்’ என்று பெயர். நடத்தியவர்களில் முக்கியமானவர்கள் காக்ஸன் டாட், முன்னாள் போலீஸ்காரரான டியூக் ரீட், பிரின்ஸ் பஸ்டர். முதலில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் புளூஸ் தட்டுகளைத்தான் வாங்கிவந்து ஒலிக்கவிட்டார்கள். ஐம்பதுகளின் கடைசியில் அமெரிக்கச் சந்தை ராக் அண்ட் ரோலுக்குத் தாவியது. கிங்ஸ்டன் கேட்ட மாதிரிச் சரக்கு அங்கிருந்து வருவது குறைந்தது. சரி, நாமே செய்துகொள்வோம் என்று உள்ளூர்க் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஸ்கா.

தாளம் எளிமையானது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுகிறோம் அல்லவா, அந்த எண்களின் மேல் கிட்டார் விழாது. எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் ‘சக்’ என்று வெட்டும். அடி விழவேண்டிய இடத்தில் மௌனம், மௌனமாக இருக்கவேண்டிய இடத்தில் அடி. கேட்பவரின் உடம்பு அந்தப் பள்ளத்தை நிரப்புவதற்குத் தானாகவே துள்ளும். 1962 ஆகஸ்ட் 6இல் ஜமைக்கா விடுதலை பெற்றபோது தெருவெல்லாம் ஒலித்தது இந்தத் தாளம்தான்.

வாசித்தவர்கள் யார்? ஸ்காவின் முதன்மைக் குழுவான ஸ்கட்டலைட்ஸின் ஊதுகருவிக் கலைஞர்களில் டான் டிரம்மண்ட், டாமி மெக்குக், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் ஆகிய நால்வரும் ஆல்ஃபா என்ற ஒரே பள்ளியில் வளர்ந்தவர்கள். கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பள்ளி. அநாதைகளையும் வறுமையில் தெருவுக்கு வந்த சிறுவர்களையும் அங்கே கொண்டுவந்து விடுவார்கள். தச்சு, தையல், அச்சுத் தொழிலோடு பேண்டு வாத்தியமும் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைகள் ராணுவ பேண்டிலோ ஓட்டல் பேண்டிலோ வேலைக்குப் போகட்டும் என்பது எண்ணம். பிள்ளைகள் ஓர் இசை வகையையே படைத்துவிட்டார்கள்.

படைத்ததற்குக் கிடைத்தது என்ன? ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கைக்கூலி. அத்தோடு சரி. ஒலிப்பதிவு தயாரிப்பாளருக்குச் சொந்தம். தட்டு எத்தனை விற்றாலும், எந்த நாட்டில் விற்றாலும் வாசித்தவருக்குப் பங்கில்லை. பல தட்டுகளில் பாட்டை இயற்றியவர் என்ற இடத்திலும் தயாரிப்பாளரின் பெயரே ஏறியது. தயாரிப்பாளர்களும் கறுப்பினத்தவர்தாமே என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. உழைப்பவன் ஒருவன், உரிமைப் பத்திரம் இன்னொருவன் கையில் என்றான பிறகு இருவரும் ஒரே நிறமா என்று பார்த்து ஆறுதல் அடைய முடியுமா? முதலீடு செய்தது நாங்கள், நட்டம் வந்தால் யார் தாங்குவது என்று அவர்களும் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் லாபம் வந்தபிறகும் கணக்கு திருத்தப்படவில்லையே.

டிரம்மண்ட் உலகத்தரமான டிராம்போன் கலைஞர். மனநோயால் அவதிப்பட்டவர். 1965 ஜனவரி தொடக்கத்தில் தன்னோடு வாழ்ந்த அனிதா மஹ்ஃபூத் என்ற நடனக் கலைஞரைக் கத்தியால் குத்திக் கொன்றார். பெல்வியூ மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு 1969இல் அங்கேயே இறந்துபோனார். ‘மார்கரிட்டா’ என்ற பெயரில் மேடையேறிய அனிதா சொந்தமாகப் பாடல் பதிவு செய்தவர், தெருவாசிகளின் இசை என்று மற்றவர்கள் ஒதுக்கிய காலத்திலேயே ஸ்கா கலைஞர்களோடு நின்றவர். மேதையின் துயரக் கதையாக இதை எழுதுகிறவர்கள் கொல்லப்பட்ட பெண்ணின் பெயரை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுகிறார்கள். நாம் அப்படிச் செய்யவேண்டியதில்லை. ஸ்கட்டலைட்ஸ் 1965லேயே உடைந்தது. குழுவாக அது நின்றது ஓராண்டை ஒட்டிய காலம்தான்.

இசை அங்கிருந்து கப்பலேறியது. 1948இல் விண்ட்ரஷ் கப்பல் வந்தது தொடங்கி பிரிட்டனுக்கு உழைக்கப் போன கரீபிய மக்களின் பெட்டிகளில் தட்டுகளும் போயின. வாடகைக்கு வீடு கேட்டால் கறுப்பருக்கு இல்லை என்று அறிவிப்புப் பலகை தொங்கிய காலம். இதைப் படிக்கிறவர்களுக்கு அந்தப் பலகையை விளக்கிச் சொல்லத் தேவையிருக்காது. 1968இல் ஏனோக் பவல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் குடியேறியவர்களுக்கு எதிராகப் பர்மிங்காமில் நஞ்சைக் கக்கினார். 1976இல் அதே நகரத்தின் மேடையில், கறுப்பர்களின் புளூஸ் இசையை வாசித்தே புகழும் பணமும் சேர்த்த எரிக் கிளாப்டன், பவலை ஆதரித்து உளறினார். இசை வேண்டும், இசையைத் தந்த ஆள் வேண்டாம். அந்த உளறலுக்குப் பதிலாகத்தான் ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ என்ற இயக்கம் எழுந்தது. பங்க் குழுக்களும் ரெகே குழுக்களும் ஒரே மேடையில் ஏறின.

அந்தச் சூட்டில் 1979இல் கவென்ட்ரி என்ற கார்த் தொழிற்சாலை நகரத்தில் ஜெரி டாமர்ஸ் டூ டோன் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய ஸ்பெஷல்ஸ் குழுவில் வெள்ளையரும் ஜமைக்காவில் பிறந்த லின்வல் கோல்டிங், நெவில் ஸ்டேப்பிள் ஆகியோரும் இருந்தார்கள். சின்னம் கறுப்பு வெள்ளைக் கட்டம். நாம் இங்கே குறிப்பாகச் சொல்ல விரும்புவது ரீகோ ரோட்ரிக்கஸைப் பற்றி. ஆல்ஃபா பள்ளியில் படித்தவர், டிரம்மண்டிடம் டிராம்போன் கற்றவர், 1961இல் இங்கிலாந்து வந்தவர். டேண்டி லிவிங்ஸ்டன் 1967இல் பதிவு செய்த ஒரு பாட்டில் ரீகோ வாசித்திருந்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்து ஸ்பெஷல்ஸ் அதே பாட்டை மறுபடி பாடியபோது பழைய தட்டைப் பார்த்து ஊதத் தெரிந்த யாரோ ஒருவரை அழைக்கவில்லை. அந்த ரீகோவையே தேடிப்பிடித்து வாசிக்க வைத்தார்கள், ஊர் ஊராகத் தங்களோடு மேடையேற்றினார்கள். கடன் பட்டவர்கள் கடனை நேரில் போய்ச் சொன்ன சந்தர்ப்பங்களில் ஒன்று அது. இதற்காக அவர்கள் பட்டதும் கொஞ்சமல்ல. கச்சேரிகளுக்குள் இனவெறிக் கும்பல்கள் புகுந்தன. 1980இல் கோல்டிங் தெருவில் தாக்கப்பட்டார்.

ஆனால் டூ டோனின் பின்னால் கிரிசாலிஸ் என்ற பெரிய நிறுவனத்தின் பணம் இருந்தது. கடையைத் தாங்களே நடத்தினாலும் கட்டடம் அடுத்தவருடையது. இதை ஒரு குறையாக அல்ல, நிலவரமாகச் சொல்கிறோம்.

டூ டோன் தட்டுகள் அட்லாண்டிக்கைத் தாண்டி கலிஃபோர்னியா வந்தன. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஆல்பனி என்ற சிற்றூரில் சிறு வயது முதலே நண்பர்களான டிம் ஆம்ஸ்ட்ராங், மேட் ஃப்ரீமன் இருவரும் அவற்றைக் கேட்டு வளர்ந்தார்கள். 1987இல் பாடகர் ஜெஸி மைக்கேல்ஸ், டிரம்ஸ் வாசிக்கும் டேவ் மெல்லோ இருவரோடும் சேர்ந்து ஆபரேஷன் ஐவியைத் தொடங்கினார்கள். நால்வரும் வெள்ளை இளைஞர்கள்.

குழுவின் பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஆபரேஷன் ஐவி என்பது 1952இல் அமெரிக்க ராணுவம் பசிபிக் பெருங்கடலின் மார்ஷல் தீவுகளில் நடத்திய அணுகுண்டுச் சோதனைக்கு வைத்த பெயர். அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி எனிவெடாக் பவளத் தீவுக்கூட்டத்தில் வெடிக்கப்பட்டது உலகின் முதல் ஹைட்ரஜன் குண்டு. 10.4 மெகாடன். ஹிரோஷிமாவில் போட்டதைப்போல் ஏறக்குறைய 700 மடங்கு. எலுகெலாப் என்ற தீவு மிச்சமின்றிப் போனது. அது இருந்த இடத்தில் இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்குக் கடலடியில் ஒரு குழி.

ஆளில்லாத தீவு என்றுதான் வெளியுலகத்துக்குத் தோன்றும். ஆளில்லாமல் ஆக்கப்பட்டது என்பதே உண்மை. 1947 டிசம்பரிலேயே எனிவெடாக்கின் மக்கள் சுமார் 140 பேரை உஜெலாங் என்ற வேறு தீவுக்கு ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டார்கள். அதைவிட மிகச் சிறிய நிலம், சிறிய காயல், மீனும் தேங்காயும் போதாது. பட்டினி கிடந்தார்கள். 1948 முதல் 1958 வரை எனிவெடாக்கில் 43 குண்டுகள் வெடித்தன. மக்கள் திரும்பியது 1980இல். அப்போதும் கதிரியக்க மண்ணை வாரி ரூனிட் என்ற தீவின் ஒரு குண்டுக்குழியில் கொட்டி மேலே கான்கிரீட் மூடி போட்டுத்தான் ஊரை ஒப்படைத்தார்கள். மூடி இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

பனிப்போர்க் காலத்தில் அணுகுண்டு பயத்தோடு வளர்ந்த பிள்ளைகள் அந்த அரசின் சொல்லையே எடுத்து அரசைக் கிண்டல் செய்வதற்காகப் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். பங்க் குழுக்களின் பழக்கம் அது. தட்டில் எனிவெடாக்கைப் பற்றி ஒரு பாட்டும் இல்லை. ஆயினும் அந்தப் பெயரைக் கேட்டுத் தேடிப்போன எத்தனையோ ரசிகர்கள் எலுகெலாப் என்ற சொல்லை முதல்முறை படித்தார்கள் என்பதும் நடந்திருக்கிறது. பெயருக்கு அவ்வளவு பயன்.

இனி கதவுக்கு வருவோம். பெர்க்லி நகரில் தொழிற்கூடங்கள் நிறைந்த பகுதியில் கில்மன் தெரு 924ஆம் எண். பிரம்பு நாற்காலிக் கடை ஒன்றை ஒட்டிய கிடங்கு. ‘மேக்சிமம் ராக்கன்ரோல்’ பத்திரிகையை நடத்திய டிம் யோஹானனும் அவரோடு சேர்ந்த தன்னார்வலர்களும் அதை வாடகைக்கு எடுத்துப் பழுதுபார்த்து 1986 டிசம்பர் 31 இரவு திறந்தார்கள். முதலாளி இல்லை. கூட்டம் போட்டுப் பேசி முடிவெடுப்பார்கள். எந்த வயதினரும் உள்ளே வரலாம். ஆண்டுக்கு 2 டாலர் கொடுத்து உறுப்பினர் அட்டை வாங்கவேண்டும். அட்டை வாங்கினால் விதிகளை ஏற்றதாக அர்த்தம். வாசலில் எழுதியிருந்தது: இனவெறி கூடாது, பெண்களை இழிவுபடுத்துதல் கூடாது, தன்பாலின ஈர்ப்பாளரை வெறுத்தல் கூடாது, மது கூடாது, போதை கூடாது, வன்முறை கூடாது.

எண்பதுகளில் அமெரிக்க பங்க் கச்சேரிகளின் நிலை தெரிந்தால்தான் அந்தப் பலகையின் கனம் புரியும். மொட்டைத்தலை நாஜிக் கும்பல்கள் கச்சேரிக்குக் கச்சேரி வந்து ஆட்களை அடித்தன. நடத்துகிற விடுதிக்காரருக்குச் சாராயம் விற்றால் போதும், யார் அடிவாங்கினால் என்ன? பெண்கள் முன்வரிசைக்கு வர முடியாது. கில்மனின் விதிகள் இந்த நிலைக்கு எதிராக எழுதப்பட்டவை. எழுதிவைத்தவர்களே வாசலில் நின்று அமல்படுத்தினார்கள், பதினேழு வயதுப் பையன்களும் பெண்களும் உட்பட. 1988இல் பத்திரிகைக்காரர்கள் கைகழுவிவிட்டுப் போனபோது இடம் மூடப்பட்டது. இளையவர்கள் சேர்ந்து அதை மறுபடி திறந்தார்கள். இன்றும் நடக்கிறது.

இதை எழுதும்போது ஓர் உறுத்தல் உண்டு. பெர்க்லிக்குப் பக்கத்து ஊர் ஓக்லாந்து. 1966இல் கருஞ்சிறுத்தைக் கட்சி பிறந்த இடம். கூப்பிடு தூரம். கில்மனின் உள்ளே நின்ற கூட்டமோ பெரும்பாலும் வெள்ளை. இனவெறிக்கு எதிரான பலகை தொங்குகிறது, கறுப்பினப் பிள்ளைகளின் தாத்தாக்கள் கண்டுபிடித்த தாளத்துக்கு உள்ளே ஆட்டம் நடக்கிறது, ஓக்லாந்தின் கறுப்பினப் பிள்ளைகள் அங்கே இல்லை. அவர்கள் அந்த ஆண்டுகளில் காரின் பின்பெட்டியில் கேசட்டுகளை வைத்து விற்றுத் தங்களுக்கான ராப் இசையை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை, உண்மைதான். தடுக்காமல் இருப்பதும் அழைப்பதும் ஒன்றா? நல்ல மனம் கொண்டவர்கள் கூடும் பல அரங்குகளில் நாம் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

லுக்அவுட் நிறுவனம் இந்தக் கில்மனின் குழந்தை. கலிஃபோர்னியாவின் வடக்கு மலைப்பகுதியில் லாரி லிவர்மோர் நடத்திய ஒரு சிற்றிதழின் பெயர்தான் லுக்அவுட். அவரும் டேவிட் ஹேஸும் 1987இல் அதே பெயரில் தட்டுகள் போட முடிவு செய்தார்கள். 1988 தொடக்கத்தில் நான்கு குழுக்களின் சிறிய ஏழங்குலத் தட்டுகள் ஒன்றாக வந்தன. அவற்றில் ஒன்று ஆபரேஷன் ஐவியின் ‘ஹெக்டிக்’. அந்த வசந்தத்தில் நால்வரும் ஒரு பழைய காரில் வாத்தியங்களைத் திணித்துக்கொண்டு நாடு சுற்றினார்கள். ஆட்களின் வீட்டு நடுக்கூடத்தில் படுத்து, கிடைத்ததைத் தின்று, அடுத்த ஊர்.

‘எனர்ஜி’யை முதலில் கில்மனுக்குள்ளேயே பதிவு செய்ய முயன்றார்கள். சரிவரவில்லை. தூக்கிப்போட்டுவிட்டு சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிறு ஒலிக்கூடத்தில் கெவின் ஆர்மியின் மேற்பார்வையில் மறுபடி செய்தார்கள். கேட்டால் தெரியும், மெருகு கிடையாது. ஜெஸியின் குரல் பல இடங்களில் கம்மிப்போகிறது. ஸ்காவுக்கு உயிரான ஊதுகருவிகள் கிட்டத்தட்ட இல்லை. ‘பேட் டவுன்’ என்ற ஒரு பாட்டில் மட்டும் சாக்ஸஃபோன் வருகிறது. ஊதுகருவிக்காரர்களைக் கூட்டிவர வசதியில்லாத இடத்தை மேட் ஃப்ரீமனின் பேஸ் கிட்டார் நிரப்புகிறது. மற்றக் குழுக்களில் பின்னணியில் முனகும் அந்தக் கருவி இங்கே முன்னால் வந்து ஓடுகிறது. டிம்மின் கிட்டார் கிங்ஸ்டனின் அந்த இடைவெளி வெட்டை வெட்டிக்கொண்டே வந்து, பல்லவியில் திடீரென்று பங்க்கின் இரைச்சலாக உடையும். அந்த உடைப்புதான் தட்டின் சிறப்பு. பொருந்தாத இரண்டை ஒட்டியதுபோல் தோன்றாது, ஒரே கோபத்தின் இரண்டு நடைகள்போல் தோன்றும்.

பாட்டுகளின் பொருள் பெரிய முழக்கங்களல்ல. ‘நாலெட்ஜ்’ எதிர்காலத்தை முடிவு செய்யச் சொல்லி நெருக்கும் பெரியவர்களைப் பற்றியது. ‘தி க்ரவுட்’ மந்தையாவதைப் பற்றியது. ‘யூனிட்டி’ தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளும் பிள்ளைகளை நோக்கிப் போதும் நிறுத்துங்கள் என்று கேட்பது. ஒற்றுமை என்ற சொல்லை நாம் எப்போதும் சந்தேகத்தோடுதான் கேட்போம். மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பார்த்து ஒற்றுமை பேசினால் அதன் பொருள் வாயை மூடு என்பதுதான். இங்கே பேசப்படுவது அது அல்ல. மேடையிலிருந்து ஐந்தடி தூரத்தில் ஒருவனை ஒருவன் உதைத்துக்கொண்டிருக்கும் கூட்டத்தைப் பார்த்து, அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நின்று சொன்னது. ‘சவுண்ட் சிஸ்டம்’ என்று ஒரு பாட்டுக்குப் பெயர். கிங்ஸ்டன் தெருவின் பெயர்ச்சொல் அப்படியே தட்டின் மேல் நிற்கிறது. ரீகோவை அழைத்த ஸ்பெஷல்ஸோடு ஒப்பிட்டால் இது சிறிய வணக்கம்தான். பெயரையும் மறைத்துவிட்டுத் தாளத்தை மட்டும் எடுத்துப் போனவர்கள் பின்னால் வந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஸ்கா பங்க் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடியபோது அது பெரும்பாலும் கட்டம்போட்ட சட்டை அணிந்த வெள்ளைப் பிள்ளைகளின் கோமாளிக் கூத்தாகவே காட்டப்பட்டது. ஜமைக்கா என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

குழு ஏன் கலைந்தது? கூட்டம் பெருகியதுதான் காரணம் என்றால் விசித்திரமாக இருக்கும். அறிந்த முகங்களுக்கு முன்னால் பாடியவர்களுக்கு அறியாத முகங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது தாங்கவில்லை, முக்கியமாக ஜெஸிக்கு. 1989 மே 28 இரவு கில்மனில் கடைசிக் கச்சேரி. இடம் கொள்ளாத கூட்டம். அன்று அதே மேடையில் ஏறிய சின்னக் குழுக்களில் ஒன்று கிரீன் டே. மறுநாள் ஒரு நண்பரின் வீட்டுப் பின்புறத்தில் இன்னொரு முறை வாசித்துவிட்டுப் பிரிந்தார்கள்.

இப்போது கணக்கு. பிரிந்த குழுவின் தட்டு நிற்காமல் விற்றுக்கொண்டே இருந்தது. கிரீன் டே 1993இல் பெரிய நிறுவனத்துக்குப் போய் மறு ஆண்டு உலகப்புகழ் பெற்றதும், அவர்களுடைய பழைய தட்டுகளைத் தேடி வந்தவர்களால் லுக்அவுட்டுக்குப் பணம் கொட்டியது. (பெரிய நிறுவனத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு மேடை இல்லை என்று கில்மன் கிரீன் டேவுக்குக் கதவைச் சாத்தியது. அது சரியா என்று அந்த ஊரில் இன்றும் சண்டை நடக்கும்.) லிவர்மோர் 1997இல் விலகினார். அடுத்து நடத்தியவர்கள் புதுப்புதுக் குழுக்களை வளர்ப்பதற்கு அகலக்கால் வைத்தார்கள். பழைய தட்டுகளின் வருமானம் அங்கே போய்க் கரைந்தது. பழைய குழுக்களுக்குச் சேரவேண்டிய ராயல்டி நிலுவையானது. 2005இல் கிரீன் டே தங்கள் தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பிறகு ஆபரேஷன் ஐவியும் எடுத்துக்கொண்டது. ‘எனர்ஜி’ 2007இல் ஹெல்கேட் என்ற நிறுவனத்திலிருந்து மறுபடி வெளிவந்தது. லுக்அவுட் இளைத்து இளைத்து 2012 தொடக்கத்தில் மூடப்பட்டது.

சுயேச்சை நிறுவனம் என்றாலே நியாயமானது என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. தோழமையோடு தொடங்கிய, பலகை தொங்கிய வாசலிலிருந்து பிறந்த நிறுவனமே கடைசியில் பாடியவர்களின் காசை வேறு செலவுக்கு எடுத்தது. கெட்ட எண்ணத்தால் அல்ல, எல்லாம் சரியாகிவிடும் என்ற அசட்டுத் தைரியத்தால். பசித்தவனுக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒன்று நடந்ததைக் கவனியுங்கள். காசு வரவில்லை என்றதும் இவர்களால் தட்டைத் திரும்ப எடுக்க முடிந்தது. ஒலிப்பதிவின் மேல் அவர்களுக்கு உரிமை இருந்தது. கிங்ஸ்டனின் ஸ்டுடியோவில் நாள் முழுக்க ஊதிவிட்டு மாலையில் கைக்கூலி வாங்கிப்போன ஆல்ஃபா பள்ளிப் பிள்ளைகளால் எதைத் திரும்ப எடுக்க முடிந்திருக்கும்? அவர்கள் கையில் இருந்தது வாத்தியம் மட்டுமே. அதுவும் சிலருக்கு இரவல்.

வெள்ளைத் தோலுக்கும் அமெரிக்கக் குடியுரிமைக்கும் 1980களின் சட்ட அறிவுக்கும் இதில் பங்கு உண்டு. திறமை இரண்டு பக்கமும் இருந்தது. ஏமாற்றமும் இரண்டு பக்கமும் நடந்தது. மீட்டெடுக்கும் வழி ஒரு பக்கத்துக்கு மட்டும் இருந்தது.

குழு உடைந்தபின் டிம் ஆம்ஸ்ட்ராங் குடியில் விழுந்து தங்க இடமில்லாமல் அலைந்தார். மீண்டு வந்து மேட் ஃப்ரீமனோடு 1991இல் ரான்சிட் குழுவைத் தொடங்கினார். 1995 வாக்கில் பெரிய நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு துரத்தியபோதும் எபிடாஃப் என்ற சுயேச்சை நிறுவனத்திலேயே நின்றார்கள். ‘எனர்ஜி’யை மறுபடி வெளியிட்ட ஹெல்கேட், எபிடாஃபின் கீழ் டிம் நடத்துவதுதான். ஆக, தட்டு பாடியவர் கைக்கே வந்து சேர்ந்தது.

லுக்அவுட் மூடப்பட்ட அதே 2012இல் ஜிம்மி கிளிஃபின் ‘ரீபர்த்’ வெளியானது. ஜமைக்காவின் கிராமத்திலிருந்து கிங்ஸ்டன் வந்து, விடுதலைக்கு முன்னும் பின்னுமான அந்த ஆண்டுகளில் பதின்வயதுச் சிறுவனாக ஸ்கா பாடத் தொடங்கியவர் கிளிஃப். தயாரித்தவர் டிம் ஆம்ஸ்ட்ராங். பழைய கிங்ஸ்டன் ஸ்டுடியோக்களின் முறையில், கலைஞர்கள் ஒரே அறையில் கூடி வாசித்துப் பதிவு செய்தார்கள். தட்டின் மேல் கிளிஃபின் பெயர் பெரிதாக நிற்கிறது. மறு ஆண்டு சிறந்த ரெகே தொகுப்புக்கான கிராமி விருது அதற்குக் கிடைத்தது. அதில் ஒரு பாட்டு ரான்சிட்டினுடையது. பங்க் இரைச்சலோடு வந்த அந்தப் பாட்டைக் கிளிஃப் வேகத்தைக் குறைத்து, அறுபதுகளில் தான் பாடிப் பழகிய நடைக்குத் திருப்பிப் பாடியிருக்கிறார்.